பழைய 1613: காலையில் முதல் ஸ்டார்ட் மட்டும் இழுத்தடிக்கிறது

கரூர்_கேபின்:

வண்டி டாடா எல்பிடி 1613, 2001 மாடல். 697 டர்போ இன்ஜின், மைக்கோ இன்லைன் டீசல் பம்ப், இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்த்து 24 வோல்ட். கரூர் - தூத்துக்குடி லைன்.

ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால் நாலைந்து தடவை செல்ஃப் (ஸ்டார்டர் மோட்டார்) அடிக்க வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு தடவை சைலன்சரில் புகையே வருவதில்லை. மூன்றாவது தடவை லேசாக வெள்ளைப் புகை. பிறகு இரண்டு மூன்று சிலிண்டர் மட்டும் பிடித்துத் தடதடவென்று ஆடி, அரை நிமிடத்தில் சீராகிவிடுகிறது. சூட்டில் எந்தத் தொந்தரவும் இல்லை, சாவியைத் தொட்டதும் பிடிக்கிறது. லோடு இறக்க நாலு மணி நேரம் நின்றால் இரண்டு தடவை அடிக்கணும்.

இன்னும் இரண்டு விஷயம். செல்ஃப் முன்பு போல வேகமாகச் சுற்றவில்லை, மந்தம். ஏற்றத்தில் லோடோடு போனால் இழுவை கொஞ்சம் குறைவு. டீசல் ஃபில்டர் இரண்டும் மாற்றி 3000 கிலோமீட்டர்தான் ஆகிறது. வெளியே எங்கேயும் டீசல் கசியவில்லை, ஆயிலும் குறையவில்லை.

ஒருத்தர் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஆறு நாசிலையும் மாற்றச் சொல்கிறார். இன்னொருத்தர் பம்பைக் கழற்றிச் சோதனை பெஞ்சில் போடச் சொல்கிறார். மூன்றாவது ஆள் பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரி என்கிறார். எதில் தொடங்குவது?

---

பம்ப்பெஞ்ச்:

மூன்று பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். வழி உங்கள் பதிவிலேயே இருக்கிறது: முதல் இரண்டு தடவை புகை இல்லை.

டீசல் இன்ஜின் சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குள் போகிறது, பற்றவில்லை என்று அர்த்தம். அப்போதுதான் கம்ப்ரஷன், டைமிங், நாசில் ஸ்ப்ரே எல்லாம் சந்தேகத்துக்கு வரும். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. ரிங் போன இன்ஜின் முதல் சுற்றிலிருந்தே வெள்ளையாகப் புகையும், பிடிக்காது. உங்கள் வண்டியில் மூன்றாவது தடவைதான் புகை தலைகாட்டுகிறது. முதல் இரண்டு தடவையும் பம்ப் காற்றைத்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது.

நாளைக் காலை சாவியைத் தொடும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள்.

ஒன்று, இன்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் நாப். அது முழுசாக உள்ளே போயிருக்கலாம், ஆனால் பம்பில் இருக்கும் ஸ்டாப் லீவர் முழுசாகத் திரும்பியிருக்கிறதா என்று கையால் தள்ளிப் பாருங்கள். கேபிள் உறை துருப்பிடித்து இறுகியிருந்தால் லீவர் பாதியில் நிற்கும். பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் நகர இடமில்லாமல் ஸ்டார்டிங்குக்கு வேண்டிய கூடுதல் டீசல் கிடைக்காது. காசு செலவில்லாத சோதனை, ஆனால் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்க்காமலேயே பம்பைக் கழற்றிவிடுகிறார்கள்.

இரண்டு, டேங்கிலிருந்து டீசல் இழுத்துத் தரும் ஃபீட் பம்பில் உள்ள ஹேண்ட் பிரைமரின் (கையால் அடிக்கும் சின்ன பம்ப்) தலையைத் திருகி விடுவித்து, 25 - 30 தடவை அடியுங்கள். முதல் பத்துப் பதினைந்து அடி லொடலொடவென்று காலியாகப் போய் அப்புறம் கை இறுகினால், ராத்திரி டீசல் இறங்கியிருக்கிறது. முதல் அடியிலிருந்தே இறுக்கமாக இருந்தால் லைன் நிறைந்திருக்கிறது, வேறு இடம் தேடலாம். அடித்து முடித்ததும் தலையை மறுபடி திருகி இறுக்குங்கள். திறந்தே விட்டால் அதன் வழியாகவே காற்று இழுக்கும். பிறகு ஒரே ஒரு தடவை செல்ஃப் அடித்துப் பார்த்து எழுதுங்கள்.

வெளியே கசிவு இல்லை என்கிறீர்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். டேங்கும் பம்பை விடத் தாழ்வாக இருப்பதால் நின்றபிறகும் சொட்டாது. கசிவு தெரியவில்லை என்பதை வைத்து அந்தப் பக்கம் நல்லா இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

---

செல்ஃப்_வைண்டிங்:

டீசல் பக்கம் அவர் பாத்துக்கட்டும். செல்ஃப் மந்தம்னு நீங்களே சொல்லிட்டீங்க, அதை விட்டுட்டு மேல போகாதீங்க. கம்ப்ரஷன் சூடு ஏறி டீசல் பத்தணும்னா கிராங்க் நிமிஷத்துக்கு 150 சுத்தாவது சுத்தணும். நூறுக்கு வந்துட்டா அழுத்தின காத்து ரிங் இடுக்குல கசியவும், சூடு சிலிண்டர் சுவத்துல இறங்கவும் நேரம் கிடைச்சிடும். நல்ல இன்ஜின்கூட அந்த வேகத்துல அடம் பிடிக்கும்.

அளக்க மீட்டர் இல்லையா? கிராங்க் புல்லியில சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. ஸ்டாப் நாபை வெளியே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் 10 விநாடி செல்ஃப் அடிக்கட்டும், இன்னொருத்தர் போன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுக்கட்டும். 10 விநாடியில எத்தனை சுத்துன்னு எண்ணி ஆறால பெருக்குங்க. 25 சுத்து வந்தா 150. ஒரு தடவைக்கு 10 - 15 விநாடிக்கு மேல அடிக்கக் கூடாது, நடுவுல ரெண்டு நிமிஷம் ஆற விடணும். இல்லேன்னா ஆர்மேச்சர்ல ஈயம் உருகித் தெறிக்கும்.

வேகம் குறைவா இருந்தா உடனே பேட்டரி வாங்க ஓடாதீங்க, மல்டிமீட்டரை எடுங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில ரெண்டு பேட்டரியையும் தனித்தனியா அளங்க. 12.6 முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி. 24-ஐ மொத்தமா அளந்தா ஒண்ணு நல்லதும் ஒண்ணு நொண்டியும் இருக்கிறது தெரியாது. ஆசிட் அடர்த்தி அளக்கிற ஹைட்ரோமீட்டர் இருந்தா ஆறு செல்லையும் பாருங்க. ஒரு செல் மட்டும் மத்ததை விட 50 புள்ளி (0.050) கீழ இருந்தா அந்த பேட்டரி முடிஞ்சுது. ஆறும் ஒரே அளவுல கீழ இருந்தா சார்ஜ் போதலை, அவ்வளவுதான்.

அடுத்து சுத்தும்போது அளக்கணும். மீட்டர் முனையை கிளாம்ப்ல வைக்காதீங்க, பேட்டரியோட ஈயக் கம்பத்துலயே குத்துங்க. ஒவ்வொரு பேட்டரியும் 9.6-க்குக் கீழ இறங்கக் கூடாது. அப்புறம் டிராப், அதாவது வழியில வீணாகிற வோல்ட்டேஜ்: பேட்டரி பிளஸ் கம்பத்துலேருந்து செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட் வரை ஒரு தடவை, மைனஸ் கம்பத்துலேருந்து செல்ஃப் மோட்டாரோட பாடி வரை ஒரு தடவை. சுத்தும்போது அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா அந்த வழியில எங்கேயோ கரண்ட் தடுக்குது. இடையில கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தா அதைத்தான் முதல்ல சந்தேகப்படணும், கை வச்சுப் பாருங்க, சுடும்.

எர்த் பட்டையை மறந்துடாதீங்க. இன்ஜின் ரப்பர் மவுண்ட்டிங் மேல உக்காந்திருக்கு. சேஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல பின்னல் பட்டை ஒண்ணுதான் பாதை. அது துருப்பிடிச்சா கரண்ட் ஸ்டாப் கேபிள் வழியா திரும்பப் பாக்கும். செல்ஃப் அடிச்சதும் ஸ்டாப் கேபிள் சூடா இருந்தா வேற சோதனையே வேணாம்.

எல்லா வோல்ட்டேஜும் சரியா இருந்து மந்தமா சுத்துனா மோட்டாருக்குள்ள பிரஷ், கம்யூடேட்டர். வோல்ட்டேஜ் சரிஞ்சு, கிளாம்ப் மீட்டர்ல கரண்ட் எகிறினா புஷ் தேஞ்சு ஆர்மேச்சர் உரசுது, இல்லேன்னா இன்ஜினே இறுக்கம்.

கேபின்ல டேப் ரெக்கார்டர், ஃபேன், செல் சார்ஜர் எல்லாம் எந்த பேட்டரியில இழுத்திருக்கீங்க?

---

பழைய697:

மேலே இருவரும் சொன்னதுதான் சரியான வரிசை. ரிங் போய்விட்டது என்று சொன்னவருக்காக மட்டும் சில வரிகள்.

கம்ப்ரஷன் குறைந்த இன்ஜினுக்கு வேறு சாட்சிகளும் இருக்கும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ் புஸ்ஸென்று புகை தள்ளும், ஆயில் குறையும், நீலப் புகை வரும். உங்களுக்கு ஆயில் குறையவில்லை. எனவே இன்ஜினைப் பிரிப்பது கடைசிப் பக்கம்.

ஆனால் அதற்கு முன் டேப்பெட் (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி) பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர். இடைவெளி இல்லாமல் வால்வு முழுசாக உட்காராவிட்டால் கம்ப்ரஷன் கசியும், பழி ரிங் மேல் விழும். சத்தம் போடும் டேப்பெட்டை எல்லோரும் சரி செய்வார்கள். சத்தமே போடாத இறுகிய டேப்பெட்தான் வால்வை எரிக்கும். ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. ஆறாவது சிலிண்டர் வால்வுகள் இரண்டும் ஒன்று மூட, ஒன்று திறக்க ஆடும் நேரத்தில் முதல் சிலிண்டரைப் பாருங்கள். அதே கணக்கில் 5-க்கு 2, 3-க்கு 4.

கம்ப்ரஷன் கேஜ் வைப்பதாக இருந்தால் செல்ஃப் வேகம் சரியான பிறகு வையுங்கள். மந்தமான செல்ஃபில் அளந்தால் ஆறு சிலிண்டரும் குறைவாகத்தான் காட்டும், வீணாக ஹெட் இறங்கும். 20 பாருக்குக் கீழே போனாலோ, சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

நாசில் கழற்றினால் ஒரு எச்சரிக்கை. நாசிலுக்கு அடியில் உள்ள செம்பு வாஷர் பல நேரம் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அது தெரியாமல் புது வாஷரையும் போட்டு இறுக்கினால் இரண்டு வாஷர் கனத்துக்கு நாசில் மேலே தூக்கிக்கொள்ளும். ஸ்ப்ரே பிஸ்டன் குழியில் விழாமல் ஹெட்டில் படும், புகையும் ஸ்டார்டிங் தொந்தரவும் புதிதாகத் தொடங்கும். டார்ச் அடித்து ஒவ்வொரு குழியையும் பாருங்கள்.

அப்புறம் இந்தப் பெட்ரோல் துணி, ஸ்டார்டிங் ஸ்ப்ரே வேலை. ஏர் கிளீனரைக் கழற்றி பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டினால் பிடிக்கும், உண்மைதான். ஆனால் டீசல் மாதிரி அது நாசில் பீய்ச்சும் நேரம்வரை காத்திருக்காது, பிஸ்டன் மேலே வரும் வழியிலேயே வெடிக்கும். கணகணவென்று கேட்கும் சத்தம் அதுதான். ரிங்கும் ரிங் காடிகளும் உடைவது இப்படித்தான். ரிங் போகாத இன்ஜினில் ரிங் போக வைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஆயில் என்ன கிரேடு? 15W-40-க்குப் பதில் கெட்டியான ஆயில் ஊற்றியிருந்தால் காலையில் செல்ஃப் மந்தமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

---

கரூர்_கேபின்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் பார்த்ததை எழுதுகிறேன்.

ஸ்டாப் லீவர் முழுசாகத் திரும்புகிறது. ஆயில் 15W-40தான். டேப்பெட்டில் மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் மட்டும் 0.20-ல் இருந்தது, 0.30 வைத்துவிட்டோம்.

பேட்டரி: முதலாவது 12.64, இரண்டாவது 12.21. சுற்றும்போது முதலாவது 9.9, இரண்டாவது 7.7. பிளஸ் பக்கம் டிராப் 0.3, மைனஸ் பக்கம் 1.3 வோல்ட். 10 விநாடியில் 17 சுற்று, அதாவது 102. டேப்பும் ஃபேனும் இரண்டாவது பேட்டரியிலிருந்துதான் இழுத்திருந்தது. அதில் ஆறு செல்லும் ஏறக்குறைய ஒரே அளவு, 1.190 பக்கம்.

எர்த் பட்டையைக் கழற்றினால் சேஸ் பக்கம் லக்குக்கு அடியில் பெயிண்ட். மேலே பச்சை பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கினோம். இரண்டாவது பேட்டரியைத் தனியாக ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டோம். இப்போது மைனஸ் டிராப் 0.2, சுற்றும்போது மொத்தம் 20.4, 10 விநாடியில் 27 சுற்று.

ஆனால் ஸ்டார்டிங் தொந்தரவு பாதிதான் தீர்ந்தது. நாலைந்து தடவை இரண்டு மூன்று தடவையானது. முதல் தடவை இப்பவும் புகை இல்லை. இன்று காலை ஹேண்ட் பிரைமர் அடித்துப் பார்த்தேன், பதினெட்டு அடி வரை காலி, அப்புறம் இறுகியது. அதன் பிறகு ஒரே தொடுதலில் பிடித்தது.

---

செல்ஃப்_வைண்டிங்:

27 சுத்துன்னா 162. கரண்ட் பக்கம் வேலை முடிஞ்சுது. 1.190 ஒரே சீரா இருந்ததால பேட்டரி சாகலை, பட்டினி கிடந்திருக்கு.

12 வோல்ட் இழுவையை அந்த பேட்டரியிலேருந்து எடுத்துடுங்க, 24-லேருந்து 12 தர்ற கன்வெர்டர் வைங்க. காரணம் என்னன்னா, ஆல்டர்னேட்டர் ரெண்டு பேட்டரிக்கும் சேத்து 28 வோல்ட் தருது. ஒண்ணு காலியா இருந்தா அந்த 28 சரிபாதியா பிரியாது. காலியானது 13.2 வாங்கும், நிறைஞ்சது 14.8 வாங்கிக் கொதிக்கும். ஒண்ணு பட்டினியில சாகும், இன்னொண்ணு தண்ணி வத்திச் சாகும். உங்க முதல் பேட்டரியில தண்ணி அளவு பாத்தீங்களா? குறைஞ்சிருக்கும்.

---

பம்ப்பெஞ்ச்:

பதினெட்டு அடி காலி என்றால் சும்மா உறிஞ்சு குழாய் மட்டும் காலியாகவில்லை, பம்புக்குள் டீசல் நிற்கும் கேலரியும் இறங்கியிருக்கிறது. உறிஞ்சும் பக்கம் மட்டும் காற்றுப் பிடித்தால் அடையாளம் வேறு: ராத்திரி கேலரியில் நின்ற டீசலில் வண்டி உடனே பிடிக்கும், பத்துப் பதினைந்து விநாடி ஓடும், பிறகு காற்று வந்து சேர்ந்ததும் அணையும். உங்களுக்கு முதலிலேயே பிடிக்கவில்லை.

கேலரி காலியாக இரண்டு வழி திறந்திருக்க வேண்டும். இளநீர் குடிக்கும் ஸ்ட்ராவின் மேல்துளையை விரலால் மூடித் தூக்கினால் உள்ளே இருப்பது கீழே விழாது, விரலை எடுத்தால்தான் விழும். அதே கணக்கு. கீழே ஃபீட் பம்ப் வால்வு உட்காராமல் டீசலைத் திருப்பி விட வேண்டும், மேலே எங்கேயோ காற்று நுழைய வேண்டும். ஒன்றை மட்டும் சரி செய்தால் கொஞ்ச நாள் தொந்தரவு நின்றது போல இருக்கும், மறுபடி வரும்.

கீழ்வழியைப் பிரித்துப் பார்க்க ஒரு 5 லிட்டர் கேன் போதும். டேங்க் லைனை ஃபீட் பம்பில் கழற்றி, புது டீசல் ஹோஸ் மாட்டி, மறுமுனையை நல்ல டீசல் உள்ள கேனில் விடுங்கள். கேனை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். பம்பை விட உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால் டீசல் தானாக இறங்கும், வால்வு கெட்டிருந்தாலும் மறுநாள் பிடித்துவிடும், நாம் டேங்க் குழாய்தான் கெட்டது என்று தப்பாக முடிவு செய்வோம். அதனால் கேனைத் தரையில் வையுங்கள். காற்றெடுத்து, ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு, காலையில் பிரைமர் அடிக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். தொட்டதும் பிடித்தால் கோளாறு வண்டியின் டேங்க் குழாயில்: டேங்குக்குள் இறங்கும் பைப்பில் வெடிப்பு, ரப்பர் ஹோஸ், கிளிப். கேனிலும் அடம் பிடித்தால் ஃபீட் பம்பும் அதற்கு மேலே உள்ளதும்தான்.

மேல்வழிக்கு மூன்று இடம். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்குரூவின் வாஷர், பைப்பைப் பிடிக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட்களின் செம்பு வாஷர், கடைசியாக ஓவர்ஃப்ளோ வால்வு. நீங்கள் எழுதியதில் ஏற்றத்தில் இழுவை குறைவு என்ற வரி என் கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேலரியிலிருந்து ரிட்டர்ன் பைப் கிளம்பும் இடத்தில் ஒரு போல்ட் இருக்கும், பார்க்கச் சாதாரண பேன்ஜோ போல்ட் போலவே இருக்கும். ஆனால் அதற்குள் பந்தும் ஸ்பிரிங்கும் இருக்கும். கேலரியில் ஏறக்குறைய 1 பாருக்கு மேல் பிரஷர் ஏறிய பிறகே அது திறந்து மீதியை ரிட்டர்னில் விடும், நின்றதும் மூடிக்கொள்ளும். எப்போதோ ஒருவர் அந்தப் போல்ட்டைத் தொலைத்துவிட்டு வெறும் பேன்ஜோ போல்ட்டைப் போட்டிருந்தால் இரண்டு காரியம் நடக்கும். ஓடும்போது கேலரி பிரஷர் ஏறாமல் டீசல் எல்லாம் ரிட்டர்னில் ஓடிவிடும், முழு லோடில் பம்ப் எலிமெண்ட் (டீசலை அழுத்தும் பிளஞ்சரும் அது ஓடும் பேரலும்) நிறையாது, இழுவை குறையும். நின்றதும் ரிட்டர்ன் பைப் வழியே காற்று ஏறி வரும். கழற்றிக் காதோரம் குலுக்குங்கள், வாயால் ஊதியும் பாருங்கள். ஸ்பிரிங் உள்ளது வாயால் ஊத விடாது. இரண்டு பக்கமும் தாராளமாகக் காற்று போனால் அது வெறும் போல்ட்.

---

சின்ன407:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் டாடா 407-ல் நேர் எதிர். காலையில் தொட்டதும் பிடிக்கிறது. ஓடிச் சூடானபின் நிறுத்தினால் பிடிப்பதில்லை, செல்ஃப் வேகம் நல்லாவே இருக்கிறது. முக்கால் மணி நேரம் ஆறினால் சரி. பம்ப் மேல் தண்ணீர் ஊற்றினால் உடனே பிடிக்கிறது. இதுவும் காற்றா?

---

பம்ப்பெஞ்ச்:

இல்லை தம்பி, அது பம்ப் எலிமெண்ட் தேய்மானம். டீசல் சூடானால் இளகும். பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவில் இடைவெளி கூடியிருந்தால், செல்ஃப் சுற்றும் வேகத்தில் பிளஞ்சர் மெதுவாக ஏறும்போது இளகிய டீசல் பக்கவாட்டில் வழிந்துவிடும், நாசில் திறக்கும் பிரஷர் வராது. ஓட ஆரம்பித்தால் பிளஞ்சர் வேகம் கூடும், வழிய நேரம் இருக்காது, அதனால் ஓட்டத்தில் தெரியாது. ஃபில்டரில் தண்ணீர் வடிக்காமல் ஓட்டியது, மண்ணெண்ணெய் கலந்த டீசல் இரண்டும் எலிமெண்ட்டைத் தின்னும். பெஞ்சில் போட்டு, செல்ஃப் வேகத்தில் டெலிவரி அளக்கச் சொல்லுங்கள். முழு வேகத்தில் மட்டும் அளந்துவிட்டுப் பம்ப் நல்லா இருக்கிறது என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

தண்ணீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். வெளி உடம்பு சட்டென்று சுருங்கி, சூடான பிளஞ்சர் அப்படியே இருந்தால் சிக்கிக்கொள்ளும். ஈரத் துணி போர்த்திப் பத்து நிமிடம் பார்த்தாலே சோதனைக்குப் போதும்.

---

கரூர்_கேபின்:

கேனைத் தரையில் வைத்துப் பார்த்தாயிற்று. காலையில் அப்படியேதான், முதல் தடவை புகை இல்லை. ஆக டேங்க் பைப் நல்லா இருக்கிறது.

ஓவர்ஃப்ளோ இடத்தில் இருந்தது வெறும் பேன்ஜோ போல்ட். தலையில் எந்த எழுத்தும் இல்லை, ஊதினால் இரண்டு பக்கமும் தாராளமாகப் போகிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கும் போல.

ஃபீட் பம்பையும் பிரித்தோம். அடியில் உள்ள பவுலில் வலையே இல்லை. டெலிவரி பக்க வால்வின் முகத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு, அதில் துருப்பொடி பொதிந்து உட்கார்ந்திருந்தது. வால்வை விரலில் தேய்த்தால் கோடு நகத்தில் தட்டுகிறது. வால்வு இரண்டு, ஸ்பிரிங் இரண்டு, பவுல் வலை, பவுல் கேஸ்கெட், ஓவர்ஃப்ளோ வால்வு வாங்கி வைத்திருக்கிறேன். மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? முதல் பேட்டரியில் தண்ணீர் தகடு தெரியும் அளவுக்குக் குறைந்திருந்தது, வடிநீர் ஊற்றியாயிற்று.

---

பம்ப்பெஞ்ச்:

வால்வு உட்காரும் இடத்தையும் பாருங்கள். பம்ப் உடம்பில் உள்ள சீட்டிலும் அதே கீறல் இருந்தால் புது வால்வு போட்டும் பலன் இல்லை, ஃபீட் பம்பையே மாற்றணும். பிளக்குகளைத் திருகும்போது வால்வு சரிந்து விளிம்பில் மாட்டாமல் ஸ்பிரிங்கோடு நேராக இறங்குகிறதா என்று பாருங்கள்.

செம்பு வாஷர் எல்லாம் புதுசு போடுங்கள். பழையதையே போட வேண்டிய கட்டாயம் வந்தால் அடுப்பில் செக்கச்செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுங்கள், செம்பு மறுபடி மெத்தென்று ஆகும். பேன்ஜோ போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்காதீர்கள், நடுவில் துளை உள்ளது, அறுந்துவிடும்.

காற்றெடுக்கும் வரிசை: முதல் ஃபில்டர் ஏர் ஸ்குரூ, அப்புறம் இரண்டாவது ஃபில்டர், கடைசியாகப் பம்ப் கேலரி. ஒவ்வொன்றிலும் குமிழி நின்று டீசல் கண்ணாடி மாதிரி வரும்வரை பிரைமர் அடித்து, அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்குரூவை இறுக்குங்கள். அதற்கும் பிடிக்காவிட்டால் நாசில் பக்கத்தில் இரண்டு பைப் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஆக்ஸிலேட்டரை முழுசாக அமுக்கிச் செல்ஃப் அடியுங்கள், டீசல் துள்ளியதும் இறுக்குங்கள். பீய்ச்சும் இடத்துக்குக் கையைக் கொண்டு போகாதீர்கள், அந்தப் பிரஷரில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். டர்போ வண்டி, பிடித்ததும் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள், ஆயில் டர்போவுக்கு ஏற அரை நிமிடம் கொடுங்கள்.

பவுலில் துருப்பொடி வந்தது டேங்கிலிருந்துதான். டேங்க் அடிப்பிளக்கைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் டீசல் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தண்ணீர் தனியாகத் தெரிந்தால் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் புது வால்வுக்கும் அதே கீறல்தான்.

---

கரூர்_கேபின்:

மாட்டி மூன்று காலை ஆகிறது. மூன்று நாளும் செல்ஃப் இரண்டு விநாடி, பிடித்துவிட்டது. பிரைமர் முதல் அடியிலேயே இறுக்கமாக இருக்கிறது. பிடித்ததும் லேசாக வெள்ளைப் புகை, பத்து விநாடியில் நிற்கிறது. லோடோடு ஏற்றத்தில் இழுவை தெளிவாகக் கூடியிருக்கிறது. பாட்டிலில் அரை விரல் கனத்துக்குத் தண்ணீர் நின்றது, டேங்கை ஞாயிற்றுக்கிழமை இறக்குகிறோம். நாசில், பம்ப் எதையும் தொடவில்லை.

---

பழைய697:

டேங்கை இறக்கும்போது மூடியில் உள்ள காற்றுத் துளையையும் ஒரு கம்பி விட்டுப் பாருங்கள். அது அடைத்தால் ஸ்டார்டிங் நல்லா இருக்கும், நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் வண்டி மூச்சுத் திணறி நிற்கும். மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் டேப்பெட்டை 1000 கிலோமீட்டரில் மறுபடி அளங்கள். 0.30 நிற்காமல் மீண்டும் 0.20-க்கு வந்திருந்தால் வால்வு சீட் உள்ளே இறங்குகிறது, அப்போது ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும்.